நான்காவது பேனா

அறுபது நொடி. அதற்காகத்தான் கோமதி இருபத்தைந்து வருடம் காத்திருந்தாள். வரலாற்றில் பட்டம் வாங்கினாள், ஆவணக் காப்பகங்களில் தூசி தின்றாள், ரீட் என்ற வெள்ளைக்காரனைக் கல்யாணம் செய்து மூன்றாம் வருடம் அவனை விட்டுவிட்டாள். அவன் பெயரை மட்டும் விடவில்லை. சிவசைலம் மகள் கோமதி என்று போய் நின்றால் இந்த வேலையைத் தரமாட்டார்கள், கோமதி ரீட் என்றால் தருவார்கள் என்று அவள் போட்ட கணக்கு தப்பவில்லை.

வேலை, ஒஹாயோவில் ஒரு சின்ன ஊரில், மறைந்த அதிபர் வால்டர் ஹோல்கோம் வளர்ந்த வீட்டில். இரண்டு மாடி மரவீடு. அதைத் தேசிய வரலாற்றுத் தலம் என்று அறிவித்து, சாலையோரம் பழுப்புப் பலகை நட்டு, தட்டைத் தொப்பி வைத்த காவலர் இருவரைப் போட்டிருந்தார்கள். ஊர் ஊராகப் போய்க் கையேட்டில் முத்திரை குத்திக்கொள்ளும் ஓய்வுபெற்ற தம்பதிகளுக்காக வாசலில் ஒரு முத்திரை மேசையும் வந்துவிட்டது. திறப்பு விழா மே மாதம். பதிவுக் காப்பாளராகக் கோமதியை நியமிக்கும் முன், 'அதிபரின் குடும்பத்துக்கு உறவா' என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். அவரால் செத்தவர்களுக்கு உறவா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

ஏப்ரலில் ஒரு நாள் காலை, ஹோல்கோமின் பேத்தி எலினோர் வந்தாள். உயர்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியை. நரையை மறைக்காதவள். வீட்டில் சுட்ட ஆப்பிள் கேக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். எதிரியின் பேத்தி கொஞ்சம் திமிராக இருந்திருந்தால் கோமதிக்கு வசதியாக இருந்திருக்கும். இவளோ உட்காரலாமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள்.

"என் மாணவர்களுக்குச் சாட்சிச் சட்டத்தை நான்தான் நடத்துகிறேன்" என்றாள் எலினோர். "ஆனாலும் உங்கள் வாயால் கேட்டால் நிம்மதி. என்ன செய்யப் போகிறீர்கள்?"

"உங்களுக்குத் தெரிந்ததுதான். 'எனக்கு நினைவில்லை' என்று சொல்லியே அதிபர்கள் தப்பித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் பதவியில் இருக்கும் வரை காதுக்குப் பின்னால் ஒரு சாட்சிக்கருவி ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. அவர் பார்த்தது, கேட்டது, நெஞ்சுத்துடிப்பு, வாய்க்குள்ளே முணுமுணுத்துக்கொண்டது எல்லாம் அதில் ஏறிவிடும். இருபத்தைந்து வருடம் பூட்டு. அப்புறம் ஒவ்வொரு பெரிய ஆணைக்கும் தொடர்ச்சியாக அறுபது நொடி மட்டும் மக்களுக்கு. தலையில் பட்டையை மாட்டிக்கொண்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தால், அந்த ஒரு நிமிடம் நீங்கள்தான் அவர்."

"மீதி?"

"இன்னும் ஐம்பது வருடம் உறையில் இருக்கும். முழுப் பதிவையும் பார்ப்பது காப்பாளர் ஒருவர்தான். எந்த அறுபது நொடி என்று தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போடுவதும் அவர்தான். மேல்முறையீடு கிடையாது."

"ஒரே ஒரு ஆளின் கையெழுத்து" என்று எலினோர் சிரித்தாள். "தாத்தாவுக்கே அத்தனை அதிகாரம் இருந்ததில்லை. அவர் போட்ட ஆணையை நீதிமன்றம் நிறுத்தலாம், அடுத்து வருகிறவர் கிழித்துப் போடலாம்."

"அறுபத்தொரு பேர் செத்த பிறகு கிழித்து என்ன பயன்?"

கோமதியின் குரல் கொஞ்சம் சூடாகிவிட்டது. எலினோர் தலையைக் குனிந்துகொண்டாள்.

கதை நாடறிந்ததுதான். 2049 அக்டோபரில் சாம்பல் காய்ச்சல் பரவியபோது ஹோல்கோம் தலைநகரை விட்டு இந்த வீட்டுக்கு வந்து, இதே படிப்பறையில் இருந்து ஆட்சி நடத்தினார். விமானங்கள் நின்றுபோய், ஐரோப்பாவிலிருந்து முந்நூற்று நாற்பது பேரோடு ஒரு கப்பல் பால்டிமோர் துறைமுகத்துக்கு வந்து கொண்டிருந்தது. அவசரக்கால அதிகாரத்தின் கீழ் ஹோல்கோம் ஓர் ஆணை போட்டார்: பன்னிரண்டு நாள் ஒருவரும் இறங்கக்கூடாது, கரையிலிருந்து ஒரு மருத்துவர்கூட ஏறக்கூடாது. ஏழாம் நாளுக்குள் கப்பலில் மருந்து தீர்ந்தது. பன்னிரண்டாம் நாள் அறுபத்தொரு சடலங்களை இறக்கினார்கள். அதில் ஒன்று கோமதியின் தம்பி ஆவுடையப்பன். வயது பத்தொன்பது.

ஹாம்பர்க்கில் படித்துக்கொண்டிருந்தவன். அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு, சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நிற்க வேண்டும் என்று கப்பல் ஏறினான். கோமதிக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தான்.

ஹோல்கோம் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. விசாரணைக் குழு மூன்று நாள் துருவித் துருவிக் கேட்டும் ஒரே பதில்தான்: "அந்தத் தாளில் என் பெயரைத் தவிர வேறு பெயர் இல்லை." அந்த வாக்கியத்தைக் கல்லில் வெட்டி வீட்டு வாசலில் வைத்திருந்தார்கள். தினமும் அதைக் கடந்துதான் கோமதி உள்ளே போக வேண்டும். என்ன கொழுப்பு இருந்தால் ஒரு மனிதன் அப்படிச் சொல்லுவான்!

"எங்களுக்காகப் பார்க்காதீர்கள்" என்று எழுந்தாள் எலினோர். "உண்மை எதுவோ அதைப் போடுங்கள். அவர் செய்தது தப்பு என்றால் தப்புதான். ஒன்றே ஒன்று. சாவதற்கு முந்தின வாரம் என்னிடம் சொன்னார். 'கேட்டேன், எலினோர். கேட்டுவிட்டுத்தான் போட்டேன்' என்று. யாரைக் கேட்டார் என்று சொல்லவே இல்லை."

சாகப்போகும்போது எல்லாரும் நல்லவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டாள் கோமதி. கேக் நன்றாகத்தான் இருந்தது. அவள் தொடவில்லை, காவலர்களிடம் கொடுத்துவிட்டாள்.

அன்று மதியம் படிப்பறைக் கதவைச் சாத்திவிட்டுப் பட்டையை மாட்டினாள்.

முதலில் வலது முழங்காலில் வலி. அவருடையது. எதிரே மேசை, அதன்மேல் மரத்தாங்கியில் ஏழு பேனாக்கள். முக்கியமான தாளில் கையெழுத்திடும்போது அதிபர்கள் இப்படிப் பல பேனாக்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாலும் ஓரிரண்டு எழுத்து எழுதி, பின்னால் நிற்பவர்களுக்கு நினைவாகக் கொடுப்பது அந்த நாட்டு வழக்கம். ஹோல்கோமின் பெரிய கை முதல் பேனாவை எடுத்தது. நெஞ்சு நிதானமாக அடித்தது. வாய்க்குள் ஒரு முணுமுணுப்பு: மதியத்துக்குச் சோளச் சூப் என்றாளே, ஆறிப்போயிருக்கும்.

சூப்! தம்பி தண்ணீர் கேட்டுக் கதறிச் செத்ததாகக் கப்பலின் செவிலி எழுதியிருந்தாள். இந்த ஆள் சூப்பை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறான். தேடிவந்தது கிடைத்துவிட்டது. இந்த ஒரு நிமிடத்தை இனி நூறு வருடத்துக்கு நாடே உட்கார்ந்து பார்க்கும், பள்ளிப் பிள்ளைகள் பேருந்தில் வந்து பார்ப்பார்கள். அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

இரண்டாவது பேனா. மூன்றாவது. அந்த அறுபது நொடி முடிந்திருந்தது. பட்டையைக் கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை.

நான்காவது பேனாவை எடுத்த கை அப்படியே நின்றது. கண் மூன்றாம் பக்கத்துக்குப் போனது. பன்னிரண்டா? டாக்டர் அறிக்கையில் நான்கு என்றல்லவா படித்தேன்?

ஹோல்கோம் திரும்பினார். பின்னால் ஐந்து பேர், எல்லாரும் முகக்கவசம் போட்டிருந்தார்கள். இடது ஓரத்தில் பழுப்புக் கோட்டுப் போட்ட ஒல்லி மனிதர். நெற்றியில் மெல்லிசாகத் திருநீறு.

"டாக்டர், உங்கள் அறிக்கையில் நான்கு நாள் என்றிருந்தது. நான்கு நாளுக்குப் பிறகு நோயாளிகளை இறக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். இதில் பன்னிரண்டு. இது சரிதானா? இல்லையென்றால் சொல்லுங்கள், மாற்றி அடிக்கச் சொல்கிறேன். அரை மணி நேர வேலை."

அந்த டாக்டர், கோமதியின் அப்பா, தலையாட்டினார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

ஹோல்கோமின் நெஞ்சுத்துடிப்பு இறங்குவதைக் கோமதி தன் நெஞ்சில் உணர்ந்தாள். அவருக்குத் தெரியும், என்றது அந்த முணுமுணுப்பு. கை மிச்சத்தை எழுதி முடித்தது. நான்காவது பேனாவை அவரே எழுந்து போய் அப்பாவின் கையில் கொடுத்தார்.

அதை ஏழு தடவை ஓட்டிப் பார்த்தாள். ஏழு தடவையும் அப்பா தலையாட்டினார். இருபத்தைந்து வருடமாகப் பாலூட்டி வளர்த்த வெறுப்புக்கு ஒரு மத்தியானத்தில் விலாசம் மாறிப்போய்விட்டது. 'என் பெயரைத் தவிர வேறு பெயர் இல்லை' என்று அந்தக் கிழவன் அத்தனை பேர் காறித் துப்பியபோதும் சொன்னது யாரைக் காப்பாற்ற என்று இப்போது புரிந்தது. புரிந்ததற்காக அவன்மேல் கோபம் குறைந்ததா என்றால், இல்லை. கூடத்தான் செய்தது. நல்லவனாக இருந்து தொலைக்க இவனுக்கு என்ன உரிமை?

வீட்டுக்குப் போனபோது நாலு மணி வெயில் சமையலறைக்குள் விழுந்திருந்தது. எண்பத்தைந்து வயது சிவசைலம் ஸ்டூலில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் தொற்றுநோய் ஆய்வில் பெரிய பெயர். இப்போது சொந்த ஊர் நினைவுகளும் வெண்டைக்காயும்தான்.

"அப்பா, அந்தப் பேனா எங்க?"

"எந்தப் பேனா?"

"பிரசிடென்ட் குடுத்தது."

"அது ஸ்குரூ டிரைவர் கெடக்குத டப்பாவுல கெடக்கும். இப்ப அது என்னத்துக்கு உனக்கு?"

முதலில் அது சாமி அலமாரியில், குங்குமப் பொட்டோடு இருந்தது. ஆவுடை போனபிறகு அம்மா அதைத் தெருவில் எறியப் போனாள். அப்பாதான் பிடுங்கி டப்பாவில் போட்டார். இருக்கட்டும், இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார்.

"நாலு நாளா, பன்னெண்டு நாளாப்பா?"

கத்தி நின்றது. அப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அவரு சொல்லிட்டாரா?"

"செத்தவரு எங்கேர்ந்து சொல்ல? நான் பாத்தேன். அவரு கண்ணால பாத்தேன். நீங்க திருநீறு பூசியிருந்தீங்க."

கத்தியை ஓரமாக வைத்தார். பிறகு பேசத் தொடங்கியபோது குரல் கீழே போயிருந்தது.

"எனக்கு அந்த நிமிசம் வரைக்கும் பன்னெண்டுன்னு தெரியாதும்மா. அவரு ஆபீஸ் தலைவன் எவனோ மாத்திருக்கான். அவனும் பக்கத்துலதான் நிக்கான். போட்டோ எடுக்கான் ஒருத்தன். அவ்வளவு பெரிய மனுசன், நாற்காலியத் திருப்பி, என் மூஞ்சியப் பாத்துக் கேக்காரு. அத்தன பேரு முன்னால தப்புன்னு எப்பிடிச் சொல்லுதது? தலை தன்னால ஆடிட்டு. சாயங்காலம் போன் போட்டுச் சொல்லிக்கிடலாம்னு நெனச்சேன்."

"போட்டீங்களா?"

"லைன் கெடைக்கல. மறுநாள் அவங்களே கூப்புட்டாங்க. போட்டோ நல்லா வந்திருக்குன்னாங்க. நான் நன்றின்னு சொல்லிட்டு வச்சிட்டேன்."

"அம்மா சாகுத வரைக்கும் அந்த மனுஷனைச் சபிச்சா. நீங்க பக்கத்துல உக்காந்து உம் கொட்டுனீங்க."

"ஏட்டி, நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா!" சட்டென்று அவர் குரல் உயர்ந்தது. "ஆவுட அந்தக் கப்பல்ல வாரான்னு நீ எங்கிட்ட ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

இதை அவர் சொல்லுவார் என்று கோமதிக்குத் தெரியும். இருபத்தைந்து வருடமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டது இதுதான். அது உள்ளே குத்திக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் ஹோல்கோம் அவளுக்குத் தேவைப்பட்டார்.

"சொல்லியிருந்தா வாயத் திறந்திருப்பீங்க. உங்க பிள்ளைக்காக. மத்த அறுவது பேருக்கு?"

அப்பா நறுக்கிய வெண்டைக்காயை ஒன்றொன்றாக எண்ணி வைப்பதுபோல் நகர்த்திக்கொண்டிருந்தார்.

கோமதிக்கு அன்று தூக்கம் வரவில்லை என்றெல்லாம் சொல்வதற்கில்லை. நன்றாகத் தூங்கினாள். காலையில் எழுந்தபோது முடிவு தயாராக இருந்தது. உண்மையைப் போட்டால் ஹோல்கோம் மகாத்மா ஆகிவிடுவார். அதை அவளால் தாங்க முடியாது. அப்பாவையும் சும்மா விடுவதற்கில்லை. இரண்டு பேருக்கும் ஒரே வெட்டு போதும்.

டப்பாவிலிருந்து பேனாவை எடுத்தாள். மை காய்ந்து போயிருந்தது. புது மைக்குழாய் வாங்கிப் போட்டாள். வெளியீட்டு ஆணை ஒரே ஒரு தாள்தான்: முதல் பேனாவில் தொடங்கி மூன்றாவது பேனாவில் முடியும் அறுபது நொடி பொதுமக்களுக்கு, மற்றதெல்லாம் உறைக்கு. யாரையும் கேட்க வேண்டியதில்லை. கையெழுத்துப் போட்டு முடிக்க நான்கு நொடிகூட ஆகவில்லை.

பிறகு இன்னொரு படிவத்தை நிரப்பினாள். ஒவ்வொரு தேசியத் தலத்திலும் வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லப் பச்சைச் சட்டை மாட்டிய தன்னார்வலர்கள் உண்டு. பெரும்பாலும் வயதானவர்கள்தான். அந்தப் படிவத்தை அப்பாவிடம் நீட்டினாள்.

"அன்னைக்கு அந்த ரூம்ல இருந்ததுல உயிரோட இருக்கது நீங்க ஒருத்தர்தான். நின்ன அதே எடத்துல நாற்காலி போட்டிருக்கேன். அந்த நிமிஷம் ஒரு நாளைக்கு நூறு தடவ ஓடும். வாரவங்க கேட்டா, நான் இங்கதான் இருந்தேன்னு சொல்லணும். அதுக்கு மேல ஒரு வார்த்த சொல்லக்கூடாது. அடுத்து என்ன நடந்துதுன்னு உங்க மனசுக்குள்ள மட்டும் ஓடட்டும்."

அப்பா படிவத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எத்தன நாளைக்கும்மா?"

"பன்னெண்டு நாள்னு வச்சிக்கோங்க. அப்புறம் மாத்தி அடிச்சிக்கலாம்."

இருபத்தைந்து வருடத்தில் இவ்வளவு இனிப்பாக ஒரு வார்த்தையும் அவள் நாக்கில் விழுந்ததில்லை. கிழவர் முகம் சுருங்குவதைக் கண்ணெடுக்காமல் பார்த்தாள். அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மே மாதம் முதல் சனிக்கிழமை, காலை பத்து மணி. புல்வெளியில் பள்ளி வாத்தியக் குழு வாசித்தது, மாநில ஆளுநர் நாடாவை வெட்டினார். முத்திரை மேசையில் அதற்குள்ளேயே சண்டை. படிப்பறைக்குள் ஒருவர் பின் ஒருவராக நாற்பது பேர் நின்றார்கள், வெளியே சாலை வரை வரிசை. நாற்காலிக்குப் பின்னால், இடது ஓரத்தில், பச்சைச் சட்டையில் சிவசைலம் உட்கார்ந்திருந்தார். சட்டை இரண்டு அளவு பெரிது. அவர் யாருடைய அப்பா என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

முதலில் எலினோர் உட்கார வேண்டும் என்று ஏற்பாடு. பட்டையை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். கோமதி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அறுபதாவது நொடியில் அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. சரியாக வேலை செய்கிறது என்று கோமதி திருப்திப்பட்டுக்கொண்டாள்.

எலினோர் பட்டையைக் கழற்றினாள்.

"சூப்" என்றாள் மெதுவாக. "சூப்பை நினைத்துக்கொண்டிருந்தாரா?"

அவள் எழுந்து, திரும்பி, பச்சைச் சட்டைக் கிழவரின் முன் மண்டியிடுவதுபோல் குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர், நீங்கள் இங்கேதான் நின்றீர்கள். கேட்டுவிட்டுத்தான் போட்டேன் என்று என்னிடம் சொன்னார். நான் நம்பினேன். பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அது பொய்யா? யாரையும் கேட்காமல் தனியாகத்தான் முடிவெடுத்தாரா?"

அப்பா கோமதியைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். சொல்லட்டுமா என்று கெஞ்சுகிற பார்வை. அவள் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள். ஆளுநர் பார்த்துக்கொண்டிருந்தார், புகைப்படக்காரர் கருவியைத் தூக்கினார். சிவசைலத்தின் தலை ஆடியது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

எலினோரின் முகம் அப்படியே உடைந்தது. அழவில்லை. பாடம் தப்பாக நடத்திவிட்ட ஆசிரியைபோல் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, கோமதியிடம் வந்தாள்.

"முழுப் பதிவையும் பார்த்தது நீங்கள் ஒருவர்தான். நீங்கள் சொன்னால் நம்புகிறேன். அப்படித்தானா?"

நாற்பது பேர் அவளையே பார்த்தார்கள். எலினோரின் கண்ணில் கோபம் இல்லை, சந்தேகம் இல்லை. பதில் எதுவானாலும் ஏற்றுக்கொள்வதற்குத் தயாராக நின்றாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தாளை மாற்றி அடிக்க அரை மணி நேரம் ஆகும்.

இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று இருந்தது கோமதிக்கு. சாயங்காலம் போன் போட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

தலையாட்டினாள்.